ஒரே பழைய எம்ஜி காரை வாழ்நாள் முழுதும் விடாமல் வைத்திருப்பது ஏன்?

இங்கிலாந்தில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி சுருக்கமாக இது. பக்கத்து வீட்டுப் பெரியவர், தாம் இளைஞராக இருந்தபோது வாங்கிய எம்ஜிபி என்ற இரண்டு இருக்கைக் காரை இன்றும் வைத்திருக்கிறார். அது எண்ணெய் ஒழுக்குகிறது, மழை பெய்தால் உள்ளே நனைகிறது, பாதி நாள் பிரித்துப் போட்டபடி கிடக்கிறது. கையில் பணம் இருந்தும் நல்ல புதிய கார் வாங்காமல் இதையே ஏன் கட்டிக்கொண்டு அழுகிறார்? இது முதலீடா, பழைய நினைவா, வெறும் பிடிவாதமா? ஓட்டிப் பார்க்கச் சொல்லி அழைக்கிறார், ஓட்டலாமா?

முதலீடு என்ற ஊகத்தை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். ஜாகுவார் இ-டைப், ஆஸ்டன் மார்ட்டின் போன்றவற்றை வாங்கி வைத்துப் பணம் பார்த்தவர்கள் உண்டு. எம்ஜிபியில் அப்படிப் பார்த்தவர்கள் அரிது, ஏனென்றால் அது 1962 முதல் 1980 வரை 5 லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட கார். துருப்பிடித்த ஒன்றை வாங்கி, முறையாகப் பிரித்துச் சீர்செய்து முடித்தால், ஆன செலவு பெரும்பாலும் விற்கும் விலையைத் தாண்டிவிடும். இது உரிமையாளர்கள் எல்லாருக்கும் தெரியும், தெரிந்தேதான் செய்கிறார்கள். பழைய நினைவு என்பதில் உண்மை உண்டு, ஆனால் அது பாதி விடைகூட ஆகாது. நினைவுக்காக ஒரு பொருளைக் காப்பவர் அதை அலமாரியில் வைத்துப் பூட்டுவாரே தவிர, விடுமுறை நாட்களில் அதன் அடியில் மல்லாந்து படுத்துக் கிடக்க மாட்டார். இந்தப் பற்று ஒரு வாழ்நாள் முழுதும் நிலைப்பதற்கு நான் காணும் காரணம் இதுதான்: ஒரு சாதாரண மனிதரின் கைக்கும் அறிவுக்கும் முழுமையாக எட்டக்கூடிய இயந்திரமாக அந்தக் கார் அமைந்துவிட்டது, அது அப்படியே தொடர்ந்து எட்டும்படி அந்த நாட்டின் சட்டமும் உதிரிபாக வணிகமும் உரிமையாளர் சங்கங்களும் பார்த்துக்கொள்கின்றன. பாசம் அதன் பிறகு தானாக வருகிறது.

இந்தியச் சாலைகளில் இன்று எம்ஜி என்றால் ஹெக்டர் போன்ற உயரமான கார்கள்தான் நினைவுக்கு வரும். அந்தப் பெயர் இப்போது சீனாவின் சாய்க் நிறுவனத்துக்குச் சொந்தம். தொடக்கத்தில் அது 'மாரிஸ் கராஜஸ்' என்பதன் சுருக்கம். ஆக்ஸ்ஃபோர்டில் வில்லியம் மாரிஸ் நடத்திய விற்பனை, பழுதுபார்ப்பு நிலையத்தின் பெயர் அது. 1922இல் அதன் பொது மேலாளரான செசில் கிம்பர், குடும்பங்களுக்காகச் செய்யப்பட்ட மாரிஸ் கார்களின் சேசிஸ் என்ற அடிச்சட்டத்தின்மீது இலகுவான, தாழ்வான பாடிகளைக் கட்டி, என்ஜினையும் சற்றுத் தீட்டி, தனி மதிப்புள்ள கார்களாக விற்கத் தொடங்கினார். 1929இல் அருகிலிருந்த ஆபிங்டனில் தனி ஆலை அமைந்தது. கிம்பரின் முடிவு துயரமானது: 1941இல் நிறுவனத்திலிருந்து வெளியேற்றப்பட்டார், 1945 பிப்ரவரியில் லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்தில் நடந்த ரயில் விபத்தில் இறந்தார். ஆனால் அவர் வகுத்த வழி மாறவில்லை. ஏற்கெனவே ஆயிரக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும் குடும்பக் காரின் என்ஜின், கியர்பாக்ஸ், ஆக்சில், பிரேக் ஆகியவற்றை எடுத்து, அவற்றைக் கொண்டே ஓர் இளைஞன் சம்பளத்தில் வாங்கக்கூடிய ஸ்போர்ட்ஸ் காரைச் செய்வது என்பதே ஆபிங்டனின் தொழில் ரகசியம்.

1962 செப்டம்பரில் வெளிவந்த எம்ஜிபி அந்த வழியின் உச்சம். தலைமைப் பொறியாளர் சிட் எனெவர், வடிவத்தை வரைந்தவர் டான் ஹேட்டர். அதற்கு முந்தைய எம்ஜிஏவில் தனிச் சேசிஸ் இருந்தது. இதில் பாடியும் சேசிஸும் ஒன்றேயாக வார்க்கப்பட்டதுபோல் இணைந்திருந்தன, அதனால் உள்ளே இடம் கூடியது. 1798 சிசி என்ஜின், 95 குதிரைத்திறன், மணிக்கு 100 மைலுக்குச் சற்று மேல் வேகம், நின்ற நிலையிலிருந்து 60 மைல் வேகத்தை எட்டச் சுமார் 12 நொடி. இன்றைய சிறு குடும்பக் கார்கள் இதை எளிதில் தாண்டிவிடும். 1961இல் ஜெனீவா கண்காட்சியில் அறிமுகமான இ-டைப்பின் விலை 2,000 பவுண்டுக்கு மேல், எம்ஜிபியின் விலையோ வரி சேர்த்தும் 1,000 பவுண்டுக்குள். ஆசிரியர், வங்கி எழுத்தர், மருத்துவமனைச் செவிலியர் எனப் பலரும் தவணையில் வாங்கிய கார் இது என்பதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் உங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவரும் பெரும் செல்வராக இருந்திருக்க வேண்டியதில்லை.

இந்த என்ஜினின் உறவுமுறை நம் வாசகர்களுக்கு வியப்பளிக்கும். எம்ஜிபியில் இருப்பது, அப்போது எம்ஜியின் தாய் நிறுவனமாக இருந்த பிஎம்சியின் 'பி-சீரிஸ்' குடும்பத்து என்ஜின். அதே குடும்பத்தின் 1489 சிசி வடிவம் எம்ஜிஏவில் இரண்டு கார்புரேட்டர்களுடன் பொருத்தப்பட்டது. நம் நாட்டில் அதே 1489 சிசி வடிவம் ஒற்றைக் கார்புரேட்டருடன் ஹிந்துஸ்தான் அம்பாசடரில் பல்லாண்டு ஓடியது. அம்பாசடர் என்ஜினைப் பிரித்துக் கோத்த கோயம்புத்தூர் மெக்கானிக் ஒருவரை ஆக்ஸ்ஃபோர்டுக்கு அழைத்துச் சென்று எம்ஜிபியின் பானெட்டைத் திறந்து காட்டினால், அவருக்கு விளக்கம் எதுவும் தேவைப்படாது. இன்னொரு உறவும் உண்டு. எம்ஜிபியின் போட்டியாளர்களில் ஒன்றான டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர், டிரையம்ஃப் ஹெரால்டு காரின் சேசிஸைக் குட்டையாக்கிச் செய்யப்பட்டது. அந்த ஹெரால்டுதான் சென்னையில் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்ற பெயரில் உருவானது. பானெட் முழுவதும் மட்கார்டோடு சேர்ந்து முன்புறமாகக் கவிழ்ந்து திறக்கும் அந்தக் காரை அறுபதுகளின் சென்னைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஸ்பிட்ஃபயரின் பானெட்டும் அப்படியேதான் திறக்கும்.

உதிரிபாகங்கள் பொதுவானவை என்பது வெறும் சிக்கனச் செய்தி அன்று. ஓர் அரிய இத்தாலியக் காரின் கியர்பாக்ஸ் உடைந்தால், செய்தவரைத் தேடிப் போக வேண்டும், பெருந்தொகை கொடுக்க வேண்டும், கார் ஆண்டுக்கணக்கில் நிற்கும், கடைசியில் உரிமையாளர் சலித்து விற்றுவிடுவார். எம்ஜிபிக்கு அந்த நிலை வந்ததே இல்லை. லட்சக்கணக்கில் கார்கள் இருந்ததால் பாகங்களுக்குத் தேவை இருந்தது, தேவை இருந்ததால் புதிதாகச் செய்து விற்கும் கடைகள் பெருகின. இன்றைக்குப் பிரிட்டனில் எம்ஜிபியின் கதவுக் கைப்பிடி ரப்பரிலிருந்து சிலிண்டர் ஹெட் வரை ஏறக்குறைய எல்லாவற்றையும் அஞ்சலில் வரவழைத்துவிடலாம். பத்து வயதான ஒரு நவீனக் காரின் மின்னணுப் பலகைக்கு அந்த உறுதி கிடையாது. விற்றுத் தீர்க்க வேண்டிய கட்டாயம் வராமல் போவதே ஒரு காரை நெடுங்காலம் வைத்திருப்பதற்கு முதல் காரணம். மிகச் சாதாரணமான காரணம் என்பதால் யாரும் இதைச் சொல்வதில்லை.

கைக்கு எட்டும் இயந்திரம் என்று சொன்னேனே, அதைச் சற்று விளக்குகிறேன். எம்ஜிபியின் டேப்பெட் இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் இடையே விட வேண்டிய இடைவெளி, 15 தவு, அதாவது ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்கு. மேல்மூடியைக் கழற்றி, இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை நுழைத்து, ஒரு ஸ்பானரும் ஒரு ஸ்க்ரூடிரைவரும் கொண்டு அரை மணிநேரத்தில் எட்டு வால்வுகளையும் சரிசெய்துவிடலாம். இரட்டை எஸ்யு கார்புரேட்டர்களின் தலையில் உள்ள சிறு மூடியைத் திருகி எடுத்து, உள்ளே சில சொட்டு எண்ணெய் விட வேண்டும். அந்த எண்ணெய் வற்றினால், ஆக்சிலரேட்டரை மிதித்தவுடன் கார் ஒருமுறை திக்கிவிட்டுத்தான் கிளம்பும். இரண்டு கார்புரேட்டரும் சம அளவில் காற்றை இழுக்கின்றனவா என்பதைப் பலர் இன்றும் ஒரு ரப்பர்க் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொன்றின் வாயிலும் மாறிமாறிப் பிடித்து, இரைச்சலை ஒப்பிட்டே கண்டுபிடிக்கிறார்கள். இவற்றையெல்லாம் ஒருமுறை யாரேனும் பக்கத்தில் நின்று காட்டினால் போதும், அடுத்த முறை தானே செய்யலாம். ஐந்தாண்டு கழிந்தபின் அவர் காரின் ஒலியை வைத்தே என்ன குறை என்று சொல்லத் தொடங்குவார். தம் அன்றாட வேலையில் கோப்புகளை நகர்த்தியே காலம் கழித்த ஒருவருக்கு, செய்த வேலை சரியா தவறா என்று உடனே, எந்த மேலதிகாரியின் மதிப்பீடும் இல்லாமல், செல்ஃபைத் திருகியதும் தெரிந்துவிடுவது எவ்வளவு பெரிய நிறைவு என்பதை நாம் குறைத்து மதிப்பிடுகிறோம்.

குறைகளும் இந்தப் பற்றில் பங்குவகிக்கின்றன. எம்ஜிபியின் பெட்ரோல் பம்ப் மின்சாரத்தால் இயங்குவது, பின்சக்கரத்துக்கு அருகே இருப்பது. அதன் உள்ளே மின்சாரத்தை விட்டுவிட்டு இணைக்கும் பாயிண்ட் ஒட்டிக்கொண்டால் கார் நடுவழியில் நின்றுவிடும். இறங்கிப்போய் அதை ஸ்பானரால் இரண்டு தட்டு தட்டினால் 'டிக் டிக்' என்று மறுபடியும் இயங்கும். இந்த வித்தையை அறிந்தவர், தம் காரைத் தம்மைத் தவிர வேறொருவர் ஓட்ட முடியாது என்ற ஒரு ரகசியப் பெருமிதத்தோடு இருப்பதை நான் கண்டிருக்கிறேன். மின்சாரப் பாகங்களைச் செய்த லூகாஸ் நிறுவனத்துக்கு 'இருளின் இளவரசர்' என்று உரிமையாளர்கள் வைத்த பட்டப்பெயர் உலகறிந்தது. உண்மையில் குற்றம் பெரும்பாலும் ஈரத்தால் அரித்துப்போன இணைப்புகளிலும் சரியாகப் பற்றாத எர்த்திலும்தான் இருக்கும். அவற்றைச் சுத்தம் செய்தால் அந்த விளக்குகள் ஒழுங்காகவே எரியும். சென்னை பாடியில் டிவிஎஸ்ஸுடன் சேர்ந்து ஆலை தொடங்கியதும் இதே லூகாஸ்தான். அங்கே அந்தப் பெயர் ஒரு பேருந்து நிறுத்தமாகவே ஆகிவிட்டது, கேலிப்பெயராக ஆகவில்லை.

எண்ணெய் ஒழுகுவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 1964 வரை வந்த மூன்று பேரிங் என்ஜின்களில் கிராங்க் ஷாஃப்டின் பின்முனையில் ரப்பர் சீல் கிடையாது. தண்டில் வெட்டிய திருகுபோன்ற பள்ளம், சுழலும்போது எண்ணெயை உள்ளே திருப்பி அனுப்பும் என்ற ஏற்பாடு மட்டுமே இருந்தது. ஓடும்போது அது வேலை செய்யும், நிறுத்தியபின் சொட்டும். ஆகவே அந்தக் கார் புதிதாக இருந்தபோதும் கொஞ்சம் சொட்டியிருக்கும். பெரியவர் அதன் கீழே ஒரு தட்டை வைத்துவிட்டுக் கவலைப்படாமல் இருப்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

கவலைப்பட வேண்டியது துருவைப் பற்றித்தான். பிரிட்டனில் குளிர்காலத்தில் பனி உறையாமல் இருக்கச் சாலைகளில் உப்பைத் தூவுகிறார்கள். அந்த உப்புநீர் பாடியின் மூலைமுடுக்குகளில் புகுந்து இரும்பைத் தின்கிறது. எம்ஜிபிக்கு இது மற்றக் கார்களைவிடக் கொடியது. கூரை இல்லாத காரில் பாடியின் வலு முழுவதும் கதவுகளுக்குக் கீழே இருபுறமும் நீளவாக்கில் ஓடும் பெட்டிபோன்ற அமைப்பில் இருக்கிறது. வெளித்தகடு, நடுத்தகடு, உட்தகடு, அடியில் ஒரு பட்டி எனப் பல அடுக்குகளை ஒட்டிச் செய்யப்பட்ட அந்தப் பெட்டி உள்ளிருந்தே அரிக்கும், வெளியே பெயிண்ட் பளபளப்பாகவே இருக்கும். அதை வெட்டி மாற்றும்போது முதலில் கதவு இடைவெளிக்குக் குறுக்கே இரும்புச் சட்டம் கொடுத்து வெல்டிங் செய்து நிலைநிறுத்த வேண்டும். அப்படிச் செய்யாமல் வெட்டினால் கார் நடுவில் தொய்ந்து, பிறகு கதவு ஒருநாளும் சரியாகச் சாத்தாது. அரைகுறை டிங்கர் வேலை செய்து விற்கப்பட்ட எம்ஜிபிகள் ஏராளம். கதவுக்கும் பின்பக்க மட்கார்டுக்கும் இடையிலான இடைவெளி மேலும் கீழும் ஒரே அளவாக இருக்கிறதா என்று பார்ப்பதே, வாங்குபவர் செய்ய வேண்டிய முதல் சோதனை.

துரு தின்றுவிட்ட பாடிகளுக்குத் தீர்வாக 1988இல் நடந்தது, மோட்டார் வரலாற்றிலேயே விந்தையானது. எம்ஜிபியின் உற்பத்தி நின்று எட்டாண்டு ஆகியிருந்தது. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் என்ற நிறுவனம் பழைய அச்சுகளைத் தேடிப்பிடித்து, எம்ஜிபியின் முழுப் பாடியையும் புதிதாக அடித்து விற்கத் தொடங்கியது. துருப்பிடித்த தம் காரிலிருந்து என்ஜின், கியர்பாக்ஸ், ஆக்சில், இருக்கை, கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றிப் புதிய பாடியில் பொருத்தி, அதே பதிவெண்ணோடு ஓட்டுகிறவர்கள் பலர். அப்படியானால் அது பழைய காரா, புதிய காரா? தத்துவக்காரர்கள் இதைப் பற்றி நாள்கணக்கில் பேசலாம். பிரிட்டனின் வாகனப் பதிவு அலுவலகமான டிவிஎல்ஏ 2025 வரை மதிப்பெண் போட்டு முடித்துவந்தது. பழைய பாடியோ உற்பத்தியாளரிடமிருந்து அதே அமைப்பில் வந்த புதிய பாடியோ இருந்தால் 5 மதிப்பெண். சஸ்பென்ஷன், ஆக்சில்கள், கியர்பாக்ஸ், ஸ்டீயரிங் ஆகியவை அசலாக இருந்தால் ஒவ்வொன்றுக்கும் 2, என்ஜினுக்கு 1. மொத்தம் 8 வந்தால் பழைய பதிவெண் தொடர்ந்தது. என்ஜினுக்கு மிகக் குறைந்த மதிப்பெண் தந்திருப்பதைக் கவனியுங்கள், அது மாற்றப்படும் என்று சட்டமே எதிர்பார்த்தது. பிரிட்டனில் பதிவெண் பொதுவாக உரிமையாளர் மாறினாலும் காருடனேயே போகும் என்பதால், அந்த எண்ணைப் பழைய உரிமையாளர்கள் ஒரு பிள்ளையின் பெயர்போலவே உச்சரிப்பார்கள்.

ஆலையின் முடிவும் இந்தப் பற்றை இறுக்கியது. எழுபதுகளில் பிரிட்டிஷ் லேலண்ட் என்ற பெரும் நிறுவனத்தின் கீழ் எம்ஜிக்குப் புதிய மாதிரிகளுக்கான பணம் கிடைக்கவில்லை. அமெரிக்கச் சட்டத்துக்காக 1974இல் குரோமிய பம்பரை எடுத்துவிட்டுக் கறுத்த ரப்பர் பம்பரைப் பொருத்தி, காரின் உயரத்தையும் ஏற்றினார்கள், அதனால் வளைவுகளில் அது முன்பைவிடச் சாய்ந்தது. 1979 செப்டம்பரில் ஆபிங்டன் ஆலையின் பொன்விழாக் கொண்டாட்டங்கள் நடந்தன. அவை முடிந்த கையோடு, 10ஆம் தேதி திங்கட்கிழமை, ஆலையை மூடும் முடிவை நிர்வாகம் அறிவித்தது. உரிமையாளர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள், ஆஸ்டன் மார்ட்டின் தலைமையில் ஒரு குழு விலைக்கு வாங்க முயன்றது. எதுவும் பலிக்காமல் 1980 அக்டோபரில் கடைசி எம்ஜிபி வெளிவந்தது. செய்தவர்களே கைவிட்ட பின் அந்தக் காரைக் காக்கும் பொறுப்பு வாங்கியவர்கள் தலையில் விழுந்தது. 1930இல் தொடங்கிய எம்ஜி கார் கிளப் இன்று பழைய ஆலைக்கு அருகிலேயே அலுவலகம் வைத்திருக்கிறது. 1973இல் தொடங்கிய எம்ஜி ஓனர்ஸ் கிளப் கேம்பிரிட்ஜ்ஷயரிலிருந்து தொழில்நுட்ப ஆலோசனையும் பாகங்களும் தருகிறது. கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகம் ஆலைப் பதிவேடுகளைப் பார்த்து, உங்கள் கார் எந்த நாளில் கட்டப்பட்டது, என்ன நிறத்தில், எந்த ஊருக்கு அனுப்பப்பட்டது என்று சான்றிதழ் தருகிறது. பெரியவரின் வீட்டுச் சுவரில் அது சட்டமிட்டுத் தொங்கக்கூடும்.

சட்டத்தின் துணையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 40 வயதைத் தாண்டிய காருக்குச் சாலை வரி இல்லை. 2018 மே மாதம் முதல், பெரிய மாற்றங்கள் செய்யப்படாத அத்தகைய கார்களுக்கு எம்ஓடி என்ற ஆண்டுச் சோதனையும், அதாவது அவர்கள் ஊர் எஃப்சியும், கட்டாயமில்லை. என் கருத்தில் இந்த இரண்டாவது சலுகை நல்லதன்று. மேலே சொன்ன துரு கண்ணுக்குத் தெரியாமல் வளர்வது, ஆண்டுக்கு ஒருமுறை வேறொருவர் அடியில் பார்ப்பது உயிரைக் காக்கும். பொறுப்புள்ள உரிமையாளர்கள் தாமாகவே சோதனைக்குக் கொண்டுபோகிறார்கள். பெட்ரோல் இன்னொரு சோதனை. 2000ஆம் ஆண்டு பிறந்தபோது ஈயம் கலந்த பெட்ரோலின் பொது விற்பனை நின்றது. ஈயம் வால்வு இருக்கைகளுக்குக் காப்பாக இருந்ததால், கடினமான இரும்பு வளையங்களைச் சிலிண்டர் ஹெட்டில் பொருத்த வேண்டியதாயிற்று. 2021இல் சாதாரண பெட்ரோலில் எத்தனால் 10 சதவீதம் வரை கூடியது. அது பழைய ரப்பர்க் குழாய்களைக் கெடுக்கும், ஈரத்தை இழுக்கும். குழாய்களை மாற்றிக்கொள்வதும் எத்தனால் குறைந்த உயர்ரகப் பெட்ரோலைப் போடுவதும் இதற்கு வழி. காப்பீடும் சாதகமானது: ஆண்டுக்கு இத்தனை மைல்தான் ஓட்டுவேன் என்று ஒப்புக்கொண்டால் தொகை குறையும், காரின் மதிப்பையும் முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்ளலாம்.

இனி, பாசம். வாழ்நாள் முழுதும் ஒரே காரை வைத்திருந்தார் என்றால் வாழ்நாள் முழுதும் ஓட்டினார் என்று பொருளன்று. பெரும்பாலான கதைகள் ஏறத்தாழ ஒரே வழியில் போகின்றன. இருபது சொச்சம் வயதில் வாங்குகிறார்கள். திருமணத்துக்குப்பின் தேனிலவுக்கு அதிலேயே போகிறார்கள். முதல் குழந்தை பிறந்ததும் இரண்டு இருக்கை போதாமல் ஒரு குடும்பக் கார் வருகிறது, எம்ஜி ஷெட்டுக்குப் போகிறது. வீட்டுக் கடனும் பள்ளிக் கட்டணமும் நெருக்கும் ஆண்டுகளில் அதன்மேல் பெட்டிகளும் பழைய சைக்கிள்களும் ஏறுகின்றன. விற்றுவிடலாம் என்ற பேச்சு எழும்போதெல்லாம், விற்றாலும் பெரிதாக ஒன்றும் கிடைக்காது என்ற காரணத்தால் தள்ளிப்போகிறது. மலிவாக இருந்ததே பல எம்ஜிபிகள் குடும்பத்தை விட்டுப் போகாமல் காத்த கவசம். விலை எகிறிய இ-டைப்புகளை அதே நெருக்கடியில் பலர் விற்றார்கள். பிள்ளைகள் வளர்ந்து வெளியேறிய பிறகு தார்ப்பாய் விலகுகிறது, பிரிக்கும் வேலை தொடங்குகிறது.

விற்க வேண்டிய தேவையே இல்லாதவர்களிடமும் இந்தப் பற்று இருக்கிறது. மன்னர் சார்லஸுக்கு 21ஆம் பிறந்தநாளில் அவருடைய தாயார் எலிசபெத் அரசியார் கொடுத்த ஆஸ்டன் மார்ட்டின் டிபி6 வோலான்டே காரை அவர் விடவே இல்லை. பிற்காலத்தில் உபரி வெள்ளை ஒயினிலிருந்தும் பாலாடைக்கட்டித் தயாரிப்பில் மிஞ்சும் நீரிலிருந்தும் எடுத்த எத்தனாலில் ஓடும்படி அதை மாற்றியமைத்தார். 2011இல் வில்லியம் தம் திருமண நாளில் மனைவியை அமர்த்தி ஓட்டிச் சென்ற கார் அதுதான். சார்லஸ் 1968இல் பெற்ற எம்ஜிசி ஜிடி, எம்ஜிபியின் ஆறு சிலிண்டர் உறவு, பின்னர் வில்லியமிடம் சேர்ந்தது. அரண்மனையில் எத்தனை கார்களை வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்பதால் அவரை எம்ஜிபி உரிமையாளரோடு ஒப்பிடுவது முழு நியாயமாகாது, என்றாலும் பணத்தால் மட்டும் இதை விளக்க முடியாது என்பதற்கு அவர் சாட்சி.

பிடிவாதமும் உண்டு, அதை மறைக்க வேண்டாம். பிரித்துப்போட்டுவிட்டு 'அடுத்த கோடைக்குள் முடித்துவிடுவேன்' என்று சொல்லிச் சொல்லியே இருபதாண்டு கடத்தியவர்கள் எல்லாச் சங்கங்களிலும் இருக்கிறார்கள். எந்த நட்டு எங்கே போகும் என்பது அவர்களுக்கே மறந்துபோய், கடைசியில் பிள்ளைகள் பெட்டி பெட்டியாக அடிமாட்டு விலைக்கு விற்கிறார்கள். அதைக் காதல் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை. ஓட்டத்தில் இருக்கும் காருக்குக் கேடு குறைவு. நின்றுபோன காரில்தான் பிரேக் சிலிண்டர் இறுகும், டயரில் வெடிப்பு விழும், பெட்ரோல் டாங்க் துருப்பிடிக்கும். வாரத்துக்கு ஒருமுறையேனும் கொஞ்ச தூரம் ஓட்டுகிறவரே உண்மையில் காரைக் காப்பவர்.

புதிய காருக்கு மாறலாமே என்றால், அப்படிப்பட்ட கார் இருக்கிறது. லோட்டஸ் எலான், எம்ஜிபி போன்ற பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் இன்பத்தை, 1989இல் வந்த மஸ்டா எம்எக்ஸ்-5 ஒழுகாமல், நிற்காமல் தந்தது. 10 லட்சத்துக்கு மேல் விற்று, அந்த வகைக் கார்களிலேயே அதிகம் விற்றதும் ஆயிற்று. முதுமையில் முழங்கால் வலிக்க, கனமான ஸ்டீயரிங்கைத் திருப்ப முடியாமல் அதற்கு மாறியவர்கள் பலர், அதில் தவறே இல்லை. பழைய பாடியில் மின் மோட்டாரைப் பொருத்தித் தரும் பட்டறைகளும் வந்துவிட்டன. தனக்குரிய காரை ஒருவர் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். ஆனால் மேலே நான் சொன்ன டேப்பெட், கார்புரேட்டர், பாயிண்ட் ஆகிய எதுவும் அதில் இல்லை. அவற்றுக்காகவே காரை வைத்திருந்தவருக்கு அந்த மாற்றத்துக்குப்பின் எஞ்சுவது தோற்றம் மட்டுமே. இளைய தலைமுறையில் இதைக் கற்க வருகிறவர்கள் குறைவு என்பது உண்மை. அதனால் எம்ஜிபிகள் இன்று வாங்குபவருக்கு மலிவாகக் கிடைக்கின்றன, கற்பிக்க ஆளும் தாராளமாகக் கிடைக்கிறார்கள்.

பெரியவர் ஓட்டிப் பார்க்கச் சொன்னால் தயங்காமல் ஒப்புக்கொள்ளுங்கள், ஆனால் அதற்குமுன் காப்பீட்டில் உங்கள் பெயரையும் சேர்த்திருக்கிறாரா என்று வெட்கப்படாமல் கேளுங்கள். பிரிட்டனில் கார் மட்டுமன்றி ஓட்டுநரும் சேர்ந்தே காப்பீடு செய்யப்பட வேண்டும், இல்லையென்றால் அபராதமும் உரிமத்தில் புள்ளிகளும் விழும். குளிர்ந்த என்ஜினில் சோக்கை இழுத்துக் கிளப்பி, சூடேறச் சூடேற மெல்ல உள்ளே தள்ளுங்கள். 1967க்கு முந்தைய காராக இருந்தால் ஓடும்போதே கியர் சத்தமின்றி விழ உதவும் சிங்க்ரோமெஷ் முதல் கியரில் கிடையாது, ஆகவே கார் முழுவதும் நின்றபிறகே முதல் கியரைப் போடுங்கள், இல்லையேல் கரகரவென்ற சத்தம் அவர் நெஞ்சில் இறங்கும். பிரேக்கில் பூஸ்டர் இல்லாமல் இருக்கலாம். முன்சக்கரங்களில் டிஸ்க் இருந்தாலும் இன்றைய காரைவிட அழுத்தி மிதிக்க வேண்டும், முன்னே போகும் வண்டிக்கு இரண்டு மடங்கு இடைவெளி விட வேண்டும். மூன்றாம், நான்காம் கியரில், அதே வேகத்தில் என்ஜினை மெதுவாகச் சுழல வைக்கும் ஓவர்டிரைவ் விசை இருந்தால் அதை எப்போது போடுவது என்று அவரையே கேளுங்கள். அதை விளக்குவதற்குள் அவர் எதையாவது கழற்றிக் காட்டத் தொடங்கிவிடுவார், ஆகையால் அன்று மாலை வேறு வேலை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.